பழைய இரும்புக்குப் போகவிருந்த சைக்கிள் சொல்லித் தந்த பாடம்

(9-ஆம் வகுப்பு மாணவி எழுதியது)

முன்னுரை

 

போன போகிக்கு முதல் நாள் எங்கள் தெருவுக்குப் பழைய இரும்பு வாங்குபவர் வந்தார். மாட்டுக்கொட்டகையில் கிடந்த தாத்தாவின் கறுப்பு சைக்கிளை அப்பா வெளியே இழுத்து வந்தார். இரண்டு டயரும் வெடித்துப் போயிருந்தன. செயின் துருப்பிடித்து ஒரே கட்டியாக இருந்தது. இரும்புக்காரர் தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். 21 கிலோ. "அறுநூறு ரூவா தர்றேண்ணே" என்றார்.

திண்ணையில் இருந்த அப்பத்தா எழுந்து வந்தாங்க. ஒன்றும் பேசவில்லை. சைக்கிளின் நடு பாரில் கையை வைத்தாங்க. அந்தக் கையை எடுக்கவே இல்லை.

நான் உடனே, "அப்பா, இதை நான் ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அப்பா சிரித்தார். "பதினொன்னாவது போனா கவர்மெண்டே சைக்கிள் குடுக்கும். இது எதுக்கு? சரி, முழுப் பரீட்சைக்குள்ள ஓட்டிக் காட்டு. இல்லன்னா எடைக்குத்தான்" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த மூன்று மாதத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டதும், கையில் கிரீஸோடு தெரிந்துகொண்டதும் ஆகும்.

1. பழைய சைக்கிளுக்கு ஒரு திருவிழா

"பழைய சைக்கிளை யாராவது வேணும்னே ஓட்டுவாங்களா டீச்சர்?" என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் இத்தாலி நாட்டுக் கதை ஒன்றைச் சொன்னாங்க.

இத்தாலியில் தொஸ்கானா என்ற பகுதி இருக்கிறது. அங்கே கயோலே இன் கியாந்தி என்பது ஒரு சின்ன ஊர். சுற்றிலும் மலை, திராட்சைத் தோட்டம். அந்தப் பக்கத்துச் சாலைகள் பல தார்ச்சாலைகள் அல்ல. சுண்ணாம்புக்கல் ஜல்லி போட்டவை. வெயிலில் வெள்ளையாகத் தெரியும் என்பதால் 'வெள்ளைச் சாலைகள்' என்றே அவற்றுக்குப் பெயர். அவை ஒவ்வொன்றாகத் தார் பூசி மறைந்து போகும் நிலை வந்தது. ஜான்கார்லோ பிரோச்சி என்பவர் ஒரு யோசனை செய்தார். அந்தச் சாலைகளில் அந்தக் காலத்து ரேஸ் சைக்கிளில், அந்தக் காலத்துக் கம்பளிச் சட்டை போட்டு எல்லோரும் ஓட்டுவோம் என்றார். 1997-ஆம் ஆண்டு முதல் தடவை ஓட்டியவர்கள் 92 பேர். அதற்கு 'லெரோயிக்கா' என்று பெயர். வீரம் நிறைந்தது என்று பொருள்.

இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும் ஆயிரக்கணக்கான பேர் பல நாடுகளில் இருந்து வருகிறார்கள். மிக நீளமான பாதை சுமார் 209 கிலோமீட்டர். இது போட்டி இல்லை. முதலில் வருபவருக்குப் பரிசு இல்லை. வழியில் நிறுத்தி ரொட்டியும் பீன்ஸ் சூப்பும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஜப்பானில் 2013-லும் இங்கிலாந்தில் 2014-லும் இதே மாதிரி ஓட்டம் நடந்தது. 2007-லிருந்து அதே வெள்ளைச் சாலைகளில் பெரிய வீரர்கள் கலந்துகொள்ளும் பந்தயமும் தனியாக நடக்கிறது. அந்தப் பந்தயத்தின் பெயரே 'வெள்ளைச் சாலைகள்' என்பதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? பழைய சைக்கிளை ஓட்டியதால் பழைய சாலையும் பிழைத்தது. சைக்கிளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால் சாலை பிழைத்திருக்காது.

2. எது பழைய ரேஸ் சைக்கிள்?

லெரோயிக்காவில் கண்ட சைக்கிளையும் விடமாட்டார்கள். விதிகள் இருக்கின்றன.

(அ) 1987 அல்லது அதற்கு முன் செய்த ரேஸ் சைக்கிளாக இருக்க வேண்டும்.

(ஆ) கியர் மாற்றும் நெம்புகோல் ஹேண்டில்பாரில் இருக்கக்கூடாது. பிரேமின் கீழ்ச் சாய்வுக் குழாயில் இருக்க வேண்டும். அதாவது ஒரு கையை விட்டுக் குனிந்துதான் கியர் மாற்ற வேண்டும்.

(இ) பிரேக் ஒயர் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து தெரிய வேண்டும்.

(ஈ) பெடலில் காலை வைத்துக் கட்டும் கூண்டும் தோல் வாரும் இருக்க வேண்டும்.

ஏன் 1987? அந்தச் சமயத்தில்தான் ரேஸ் சைக்கிள் வேகமாக மாறியது. செருப்பின் அடியில் பூட்டிக்கொள்ளும் பெடல் 1984-ல் பிரான்சில் வந்தது. 1985-ல் பெர்னார் இனோ என்ற வீரர் அந்தப் பெடலை வைத்துத்தான் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். 1990-ல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி பிரேக் பிடியிலேயே கியர் மாற்றும் வசதியைக் கொண்டு வந்தது. பிறகு எஃகுக் குழாய் போய் அலுமினியமும் கார்பன் இழையும் வந்தன.

எங்கள் தாத்தா சைக்கிள் 1984-ல் வாங்கியது. ஆகவே வயசில் பாஸ்! ஆனால் அது ரேஸ் சைக்கிள் இல்லை, சுமை தூக்குகிற சைக்கிள். ஆகவே வகையில் ஃபெயில்.

3. குழாயும் லக்கும்

ஃபெயில் ஆனாலும் இரண்டும் ஒரே சாதிதான் என்று சைக்கிள் கடை அண்ணன் காட்டிக் கொடுத்தார். "பாப்பா, ரெண்டு குழாய் சேர்ற இடத்தைப் பாரு" என்றார். அங்கே சட்டைக் காலர் மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது. அதற்கு 'லக்' என்று பெயர். குழாயை அதற்குள் செருகி, சூடு காட்டி, பித்தளையை உருக்கி விடுவார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, உருகிய பித்தளை அந்த நூல் இடைவெளிக்குள் தானே ஏறிப் பிடித்துக்கொள்ளும். எஃகு உருகாது. ஏனென்றால் பித்தளை உருகும் சூட்டை விட எஃகு உருகும் சூடு மிகவும் அதிகம்.

இதனால் என்ன நன்மை? ஒரு குழாய் கெட்டால் மறுபடி சூடு காட்டி அதை மட்டும் கழற்றி வேறு போடலாம். இத்தாலியில் 50 வருடத்துப் பிரேம் இன்னும் ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

வித்தியாசம் குழாயில்தான் உள்ளது. ரேஸ் சைக்கிள் குழாய் இரண்டு முனையிலும் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. மூட்டில் பலம் வேண்டும், நடுவில் எடை குறைய வேண்டும், அதற்காக. இங்கிலாந்தில் ரெனால்ட்ஸ் கம்பெனி இதற்கு 1897-லேயே காப்புரிமை வாங்கிவிட்டது. 1935-ல் அவர்கள் கொண்டுவந்த '531' என்ற குழாய் மிகவும் புகழ்பெற்றது. இத்தாலியில் கொலம்பஸ் கம்பெனிக் குழாய். இப்படிச் செய்த 1970-களின் ரேஸ் சைக்கிள் சுமார் 10 கிலோதான் இருக்கும். எங்களுடையது 21 கிலோ என்பது இரும்புக்காரர் தராசே சொல்லிவிட்டது!

எடி மெர்க்ஸ் என்ற பெல்ஜியம் வீரர் 1972-ல் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அதுவும் எஃகுச் சைக்கிள்தான். எஃகு என்றால் மெதுவானது என்று நினைக்காதீர்கள்.

4. பல்லை எண்ணிப் பார்!

இது கணக்குப் பாடம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் எவ்வளவு தூரம் போகும்?

முன் சக்கரப் பல் எண்ணிக்கையைப் பின் ஃப்ரீவீல் பல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பிறகு பின் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்க வேண்டும்.

எங்கள் சைக்கிள்: முன்னால் 44 பல், பின்னால் 18 பல். 44 ÷ 18 = 2.44. டயரில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு முழுச் சுற்று உருட்டி அளந்தேன். 2 மீட்டர் 20 செ.மீ. வந்தது. ஆகவே 2.44 × 2.2 = சுமார் 5.4 மீட்டர்.

பழைய ரேஸ் சைக்கிள்: முன்னால் 52, 42 என்று இரண்டு பல்சக்கரம். பின்னால் 13 முதல் 21 வரை ஐந்து என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். சமதளத்தில் 52 ÷ 13 = 4. எனவே 8.4 மீட்டர் போகும். மேட்டில் 42 ÷ 21 = 2. எனவே 4.2 மீட்டர்தான் போகும், ஆனால் மிதிக்க லேசாக இருக்கும். தூரத்தில் விட்டதைப் பலத்தில் பிடிக்கிறோம். நெம்புகோல் பாடத்தில் படித்தது இதுதான்.

டூர் தெ பிரான்ஸ் பந்தயம் 1903-ல் தொடங்கியது. ஆனால் அதில் செயின் தாண்டும் கியரை 1937 வரை அனுமதிக்கவில்லை. அதற்கு முன் மேடு வந்தால் வீரர்கள் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். மறுபக்கம் பெரிய பல்சக்கரம் இருக்கும். இதைப் படித்த பிறகு நம்ம ஊர்க் கண்மாய்க்கரை மேட்டில் இறங்கித் தள்ளுவதற்கு நான் வெட்கப்படுவதில்லை.

5. நான் செய்ததும், நான் கெடுத்ததும்

முதல் நாள் நான் பெரிய தவறு செய்தேன். உப்புத்தாள் வாங்கி வந்து செயின் கவரைப் பரபரவென்று தேய்த்தேன். துருவோடு பெயிண்டும் போனது. அப்பத்தா ஓடி வந்து, "ஆத்தா, நிறுத்து நிறுத்து! அதுல உங்க தாத்தா பேரு இருக்கு" என்றாங்க. அழுக்கைத் துணியால் துடைத்தால் மஞ்சள் பெயிண்டில் பாதிப் பெயர் தெரிந்தது. பக்கத்தில் 1984. மீதிப் பெயரை நான் தேய்த்து அழித்திருந்தேன். தாத்தா நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். அவர் கையால் எழுதியது வேறு எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய சைக்கிள் சேர்ப்பவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான்: பெயிண்டைத் தொடாதே. புது பெயிண்ட் எப்போதும் அடிக்கலாம், பழைய பெயிண்ட் ஒரு தடவைதான். எனக்கு இது ஒரு வாரம் தாமதமாகத் தெரிந்தது.

பிறகு ஒழுங்காகச் செய்தேன். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊற வைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். சக்கரத்தின் அச்சைச் சைக்கிள் கடையில் பிரித்தோம். கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி இருந்தது. உள்ளே இருந்த பால்ஸ் குண்டுகளில் பாதி துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தன. "ஓட்டாம நிறுத்தி வச்சதாலதான் பாப்பா இப்படி. ஓடுற வண்டியில கிரீஸ் சுத்திக்கிட்டே இருக்கும். நிக்கிற வண்டியில தண்ணி இறங்கி ஒரே இடத்துல நிக்கும்" என்றார் அண்ணன். டயரும் அப்படித்தான். காற்று இல்லாமல் மடிந்து நின்ற இடத்தில்தான் வெடித்திருந்தது. இதை எழுதி வைத்துக்கொண்டேன்: ஓட்டத்தால் தேய்வதை விட நிறுத்தி வைத்துக் கெடுவது அதிகம்.

இரண்டு டயர், இரண்டு டியூப், பால்ஸ், பிரேக் ரப்பர், காட்டர் பின், கிரீஸ். "இதுக்குச் சாமான் கிடைக்குமாண்ணே?" என்று பயந்து கேட்டேன். "இதுக்குத்தான் எந்த ஊர்லயும் கிடைக்கும். கியர் வண்டிக்குத்தான் அலையணும்" என்றார். பொங்கல் காசு முழுதும் போனது. மீதியை அப்பத்தா சுருக்குப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தாங்க. பின் சக்கரக் கோட்டம் எடுக்க அண்ணன் காசு வாங்கவில்லை. போக்ஸ் கம்பியை எந்தப் பக்கம் முறுக்கினால் சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார்.

6. அப்பத்தா சொன்ன பாடம்

ஒரு நாள் சாயங்காலம் பாரைத் துடைத்தபோது நடுவில் ஒரு சாண் அளவுக்குப் பெயிண்ட் இல்லாமல் வழவழவென்று இருந்தது. இங்கே மட்டும் ஏன் தேய்ந்திருக்கிறது என்று கேட்டேன். "அங்கதான் உங்கப்பன் உக்காந்து வருவான்" என்றாங்க.

1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்துச் சொல்லிக் கொடுப்பதோடு பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார். 1992-ல் மகளிர் தினத்தையொட்டி 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டையில் பேரணி போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. அதனால் பலர் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

எங்கள் அப்பத்தா பேரணிக்குப் போகவில்லை. ஆனால் அந்த வருடம்தான் சைக்கிள் கற்றுக்கொண்டாங்களாம், இதே சைக்கிளில். முதலில் குரங்குப் பெடல். தெருவில் ஆம்பளைங்க கேலி பேசினார்களாம். தாத்தா மட்டும் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாராம். "விட்டுறாதீங்க விட்டுறாதீங்கன்னு கத்திக்கிட்டே போறேன். திரும்பிப் பாத்தா அவரு அங்க நிக்கிறாரு" என்று சொல்லிச் சிரித்தாங்க. பிறகு அஞ்சாறு வருஷம் பாரில் துண்டைச் சுற்றி அப்பாவை உட்கார வைத்து, கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போய் வந்தாங்களாம்.

அப்பா இதைக் கேட்டுக்கொண்டு கொட்டகையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் சைக்கிள் கொட்டகையில் இல்லை, திண்ணை ஓரம் மழை படாத இடத்தில் நின்றது.

7. பழைய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு

(1) முதலில் பிரேமையும் முன் ஃபோர்க்கையும் பாருங்கள். விரிசல் இருந்தால் ஓட்ட வேண்டாம். லக் ஓரத்தில் பெயிண்ட் சுருங்கியிருந்தால் அடிபட்ட வண்டி என்று அர்த்தம்.

(2) முன்னால் இருக்கும் கம்பெனி வில்லையைக் கழற்றி விற்காதீர்கள். எங்களுடையது ஹெர்குலஸ். அதைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னை அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய கம்பெனி.

(3) பிரேமில் நம்பர் குத்தியிருக்கும். அதை நோட்டில் எழுதி வையுங்கள். தொலைந்தால் உதவும்.

(4) மிதிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. உடனே கடைக்குப் போங்கள்.

(5) மிக முக்கியம்: இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்காது. நான் மாசி மாத மழை ஒன்றில் பிரேக்கை நம்பிப் போய் வேலிக்குள் பாய்ந்தேன். முள் எடுத்தது அப்பத்தா. மழையில் மெதுவாகப் போங்கள், முன்கூட்டியே பிரேக்கைப் பிடியுங்கள்.

(6) வாரம் ஒரு தடவையாவது ஓட்டுங்கள்.

முடிவுரை

முழுப் பரீட்சைக்குப் பதினோரு நாள் முன்பு நான் சைக்கிளில் பள்ளிக்கு வந்தேன். நாலு கிலோமீட்டர். மணிக்கணக்குப் பார்த்தால் பஸ்ஸை விட ஆறு நிமிடம்தான் அதிகம். பெடலை மிதித்த எண்ணிக்கையும் கணக்குப் போட்டேன்: 4000 ÷ 5.4 = சுமார் 740 சுற்று.

இரும்புக்காரர் மறுபடி வந்தபோது, "அண்ணே, அந்த சைக்கிள்?" என்று கேட்டார். அப்பா, "அது ஓடுதுப்பா" என்று மட்டும் சொன்னார்.

பாதிப் பெயர் பாதியாகவே இருக்கிறது. அதை நான் மறுபடி எழுதவில்லை. எழுதினால் அது என் எழுத்து, தாத்தா எழுத்து ஆகாது.

எனவே நண்பர்களே! உங்கள் வீட்டுக் கொட்டகையில், பரணில், வேப்பமரத்தடியில் பழைய சைக்கிள் கிடந்தால் எடைக்குப் போடும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உப்புத்தாளை எடுக்காதீர்கள். முதலில் துணியால் துடையுங்கள். செயின் கழுவத் தெரியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், சனிக்கிழமை நான் வருகிறேன். மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் மட்டும் நீங்கள் தர வேண்டும்.

செய்து பார்: உங்கள் சைக்கிளின் முன் பல், பின் பல், சக்கரச் சுற்றளவு மூன்றையும் அளந்து, பள்ளிக்கு வர எத்தனை சுற்று மிதிக்கிறீர்கள் என்று கண்டுபிடித்து இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலால் எழுதுங்கள். அடுத்த இதழில் பட்டியல் போடுவோம்.